மீன் ஏற்றும் பிக்கப்: பாரமும் உப்பும்

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் மீன் ஏற்றும்முன் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். பாரத்தோடு அனுமதித்த மொத்த எடை 2,900 கிலோ, வெறும் வண்டி 1,700 என்றால் மிச்சம் 1,200. ஐஸ், பெட்டி, ஆட்கள் எல்லாம் இதற்குள்தான்.

கனமான பெட்டிகள் கேபினை ஒட்டி, பின் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் தள்ளி வைத்தால் முன்சக்கரத்தில் எடை குறையும். ஸ்டியரிங் லேசாகி, வளைவில் வண்டி வெளியே தள்ளும். டயர் காற்று, கதவு ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்குப் போட்டிருக்கும் அளவு. டயர் சூடாகும் முன்பே பார்க்க வேண்டும்.

பெரிய எதிரி, ஒழுகும் உப்புத்தண்ணீர். அது ஸ்பிரிங்கின் லீஃப் பட்டைகளின் இடுக்கில் தேங்கி, அவற்றை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டை அரிக்கும். பாரத்துக்கேற்பப் பின்பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள வண்டியில், அதன் கம்பி துருவேறி இறுகினால் பிரேக் தாறுமாறாகும். இறக்கிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கழுவியதும் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து பிரேக் டிரம்மை உலர்த்துங்கள்.