பாடம் தெரியும், பழக்கம் இல்லை: பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவ மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சம். நான் அப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். கோவிட் வார்டில் ஆறு மணி நேரம் பி.பி.இ. உடைக்குள் வெந்து முடித்துவிட்டு டியூட்டி ரூமுக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஏ.சி. ஓடுவதால் ஜன்னல் சாத்தியிருக்கும். ஏழு பேர், ஒரு பிளாஸ்க் டீ, நடுவில் ஒரு தட்டில் மெதுவடை. வார்டுக்குள் மூக்கு அரித்தால்கூட மாஸ்க்கைத் தொடாதவர்கள், அங்கே அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு முக்கால் மணி நேரம் அரட்டை அடிப்போம். அடுத்த வாரம் எங்களில் நான்கு பேருக்கு பாசிட்டிவ். நானும் ஒருவன்.

"பேஷன்ட்கிட்ட இருந்து வந்திருக்கும்" என்று எல்லோரும் சொன்னோம். என் சந்தேகம் இன்றுவரை அந்தச் சாத்திய ஜன்னலின் மேல்தான்.

மருத்துவ மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டினால் நன்றாகவே எழுதுவார்கள். வைரஸ் எந்த ஏற்பியில் ஒட்டுகிறது, அறிகுறி தெரிய எத்தனை நாள் ஆகும், கை கழுவும் படிகள் என்னென்ன, எல்லாம் தலைகீழாகத் தெரியும். செய்முறைத் தேர்வில் கை கழுவிக் காட்டி முழு மதிப்பெண் வாங்கியவர்தான், மறுநாள் வார்டில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு அதே கையோடு போகிறார். அந்த இடைவெளியில் நிகழும் தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பாதியை நானே செய்திருக்கிறேன்.

கை

மருத்துவ மாணவர்களின் கை என்றால் வியன்னாவில் தொடங்கியாக வேண்டும். 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி, இரண்டாவதில் மருத்துவச்சிகளுக்கு. பிரசவ ஜன்னியால் சாகும் தாய்மார்கள் முதல் பிரிவில்தான் அதிகம். 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் வரை இறந்தார்கள். அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம். மாணவர்கள் பிணவறையில் அறுத்துப் பார்த்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வருவது வழக்கம். அங்கே வேலை பார்த்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். அவருடைய சக மருத்துவர் கொலெச்காவுக்கு, பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டது. அந்தத் தாய்மார்களுக்கு வந்த அதே அறிகுறிகளோடு அவர் இறந்தார். செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது அங்கேதான். மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஜூனில் இறப்பு நூற்றுக்கு 2 சொச்சமாக இறங்கியது.

அந்த மாணவர்கள் சோம்பேறிகள் இல்லை. வேலையில் அக்கறை அதிகம் இருந்ததால்தான் பிணவறையிலிருந்து பிரசவ அறைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் கைச்சுத்தத்துக்கு ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், ஊசி போடுவது போன்ற சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். ஒரு வார்டில் அரை மணி நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். தொட்ட பிறகு பெரும்பாலோர் சானிடைசர் போடுகிறார்கள், அது தன் உயிர்ப் பயம். தொடும் முன் போடுவதுதான் விட்டுப்போகிறது, அது அடுத்தவர் உயிர் என்பதால். ஐந்தாவது தருணமோ யாருக்கும் நினைவிலேயே இல்லை. கட்டில் கம்பியையும் டிரிப்ஸ் ஸ்டாண்டையும் பிடித்தபடி கேஸ் பிரசென்ட் செய்யும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

க்ளவுஸ் இதை இன்னும் கெடுக்கிறது. உறை போட்டதும் கையே சுத்தமாகிவிட்டது போல ஒரு தைரியம். அதே உறையோடு பி.பி. பார்த்து, கேஸ் ஷீட் புரட்டி, பேனா பிடித்து, போன் அடித்தால் எடுத்துக் காதிலும் வைத்துக்கொள்வோம். பிறகு உறையைக் கழற்றிக் கையைக் கழுவிவிட்டு அந்தப் போனை மீண்டும் எடுப்போம். எங்கள் வார்டுத் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருமுறை சொன்னார்: "சார், நீங்க கழட்டிப் போட்ட க்ளவுஸ் குப்பைக்கூடைக்குப் பக்கத்துல கெடக்கு. அதைக் கையால பொறுக்கிப் போடறது நாங்கதான்." க்ளவுஸ் சிவப்புப் பைக்கு, மாஸ்க் மஞ்சள் பைக்கு என்று தேர்வில் எழுதியவன்தான் நான்.

நேரக் கணக்கும் முக்கியம். ஆல்கஹால் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. உள்ளங்கையை மட்டும் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு நடந்தால் கட்டைவிரலும் விரல் நுனிகளும் அப்படியே இருக்கும். நோயாளியைத் தொடுவதென்னவோ விரல் நுனிதான்.

என்95 போட்டால் போதுமா?

என்95 மாஸ்க்குக்குப் பட்டைகள் இரண்டு. மேல்பட்டை உச்சந்தலையில், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில். அவசரத்தில் இரண்டையும் கழுத்திலேயே விட்டுக்கொள்வது, கீழ்ப்பட்டையைத் தாடைக்குக் கீழே தொங்கவிடுவது, இவையே நான் அதிகம் பார்த்தவை. "டாக்டர், பட்டை தொங்குது" என்று ஸ்டாஃப் சிஸ்டர் சொன்னால் கோபம் வேறு வரும். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரண்டு கை விரல்களாலும் மூக்கின் வளைவோடு அழுத்தி விடுங்கள். பிறகு மூச்சை ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால், அல்லது கண்ணாடி பனிபிடித்தால், சரியாகப் பொருந்தவில்லை.

தாடி வைத்தவர்களுக்கு இது கசப்பான செய்தி: மாஸ்க்கின் விளிம்பு படியும் இடத்தில் முடி இருந்தால் அந்த விளிம்பு முகத்தோடு ஒட்டாது. உள்ளே ஒரு சர்ஜிக்கல் மாஸ்க் போட்டு மேலே என்95 போட்டாலும் இதே கதைதான். வால்வு வைத்தது போட்டவரைக் காக்கலாம், ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே வரும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை அதைத் தவிர்க்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது.

ஒரு தவறு அக்கறையின் பெயரிலேயே நடக்கும். மாஸ்க் தட்டுப்பாடு வந்தபோது என் அறைத்தோழன் தினமும் இரவில் என்95 மேல் சானிடைசர் தெளித்துக் காயவைத்தான். அந்த மாஸ்க்கின் நடு அடுக்கில் உள்ள இழைகளின் நிலைமின்னேற்றம்தான் நுண்துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. ஆல்கஹால் பட்டால் அது போய்விடும், பார்வைக்கு மாஸ்க் புதிதாகவே இருக்கும். வேறு வழியே இல்லாமல் திரும்பப் பயன்படுத்த நேர்ந்தால், ஐந்து மாஸ்க்கைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு நாளுக்கு ஒன்றாகச் சுழற்றுங்கள்.

உடை மாட்டும்போது எல்லோரும் கண்ணாடி முன்னால் நின்று பொறுமையாக மாட்டுவோம். கழற்றும்போது வியர்வை, பசி, ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வரும் அவசரம். கழற்றுகையில்தான் வெளிப்புற அசுத்தம் மேலே படும். க்ளவுஸ் முதலில், பிறகு உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே கவுன், ஒவ்வொரு படிக்கும் நடுவில் கைச்சுத்தம், பின்பட்டையைப் பிடித்துப் பாதுகாப்புக் கண்ணாடி, நோயாளிகள் இருக்கும் அறையை விட்டு வந்தபின் கடைசியாக மாஸ்க், அதுவும் முன்பக்கத்தைத் தொடாமல். தனியாகக் கழற்ற வேண்டாம். எதிரே ஒருவர் நின்று படி படியாகச் சொல்லட்டும். களைத்த மூளை வரிசையை மறந்துவிடும்.

ஒரு மீட்டர் என்ற நம்பிக்கை

2003 மார்ச்சில், சார்ஸ் என்ற பெயரே புழக்கத்துக்கு வராத நாட்களில், ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் நுரையீரல் தொற்றோடு ஒரு நோயாளி சேர்ந்தார். அந்த வார்டுக்கு மாணவர்கள் கிளினிக்ஸுக்கு, அதாவது நோயாளிகளைப் பரிசோதித்துப் பழக, வந்துபோனார்கள். அங்கே தொடங்கிய பரவலில் முதலில் பதிவான 138 பேரில் 16 பேர் மருத்துவ மாணவர்கள். வார்டுக்குச் சென்ற 66 மாணவர்களை வைத்துப் பின்னர் ஆராய்ந்தார்கள். நோயாளியின் அருகில் போனவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் நோயாளி படுத்திருந்த அதே தடுப்பறைக்குள் இருந்தும் ஒரு மீட்டருக்குள் நெருங்காத எட்டுப் பேரில் நான்கு பேருக்கு நோய் வந்தது.

கோவிட் தொடங்கியபோது நாம் மறுபடி ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று தரையில் வட்டம் போட்டோம். 2020 மார்ச் இறுதியில் கோவிட் காற்றில் பரவுவதில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில் எழுதியது. பிறகு நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. மூடிய அறைக்குள் வட்டம் காப்பாற்றாது. செமினார் ஹால், நூலகம், ஹாஸ்டல் மெஸ் எங்கே போனாலும் முதலில் ஜன்னலைப் பாருங்கள். சாப்பிடும்போது மாஸ்க் கழற்றித்தான் ஆக வேண்டும், அதனால் சாப்பாட்டை மொட்டைமாடிக்கோ மரத்தடிக்கோ மாற்றுங்கள், இல்லையென்றால் முறை வைத்துச் சாப்பிடுங்கள்.

முன்கூட்டி மாத்திரை

2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அமைத்த பணிக்குழு, கோவிட் நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையைப் பரிந்துரைத்தது. முதல் நாள் 400 மி.கி. இரண்டு வேளை, பின்னர் வாரம் ஒருமுறை ஏழு வாரம். நாங்கள் அப்போது இறுதியாண்டு, வார்டுப் பக்கமே விடவில்லை. ஆனாலும் ஹாஸ்டலில் பலர் அட்டை அட்டையாக வாங்கி வைத்தார்கள். லூபஸ், மூட்டுவாத நோயாளிகள் அதே மாத்திரைக்குக் கடை கடையாக அலைந்தது அந்த நாட்களில்தான். ஒரு வருடம் கழித்து, தடுப்புக்காக அதைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. வரப்போகும் பெருந்தொற்றிலும் இப்படி ஒரு மாத்திரை வரும். ஆய்வு வரும்வரை அதை நம்பி மாஸ்க்கைத் தளர்த்தாதீர்கள், இதயத் துடிப்பில் அதன் விளைவைப் பார்க்காமல் வாயில் போடவும் போடாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "டாக்டர் தம்பி சொல்லிட்டான்" என்று அதுவே பத்து வீட்டுக்குப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தடுப்பூசி முதல் டோஸ் போட்ட அன்றே கவசம் வந்துவிட்டதாக நினைப்பதும் இந்த வகைதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸையும் முடித்தீர்களா என்று இன்றே அட்டையைத் தேடிப் பாருங்கள். ஊசி குத்தும் ஆபத்து பெருந்தொற்றுக்காகக் காத்திருப்பதில்லை.

காய்ச்சலை மறைப்பது

பெரிய தவறு இதுதான், நல்ல மாணவர்களே இதை அதிகம் செய்கிறார்கள். காரணம் எக்ஸ்டென்ஷன். அனுமதித்த நாட்களுக்கு மேல் விடுப்பு எடுத்தால் பயிற்சிக் காலம் நீளும், பி.ஜி. (முதுநிலைப் படிப்பு) நுழைவுத் தேர்வுக்குத் தகுதி தள்ளிப்போகும். போதாததற்கு, "நீ லீவு போட்டா உன் டியூட்டிய யார் பாக்கறது?" என்ற சக மாணவரின் முகம்.

இந்தியாவின் முதல் கோவிட் நோயாளியே மருத்துவ மாணவிதான். வூஹானிலிருந்து ஊர் திரும்பிய அவர், லேசான தொண்டை வலியும் வறட்டு இருமலும் தொடங்கிய அன்றே, 2020 ஜனவரி 27, திருச்சூர் அரசு மருத்துவமனைக்குத் தானாகப் போய், எங்கிருந்து வந்தேன் என்பதையும் சொன்னார். 30-ஆம் தேதி முடிவு வந்தது.

நான் என்ன செய்தேன்? கோவிட் வார்டு முடிந்து அடுத்த போஸ்டிங் லேபர் வார்டு. முதல் நாள் இரவே உடம்பு வலி. பாராசிட்டமால் 650 போட்டுக்கொண்டு காலையில் ரவுண்ட்ஸ் போனேன். காய்ச்சல் இறங்கியிருந்ததால் வாசலில் வெப்பமானியும் என்னைப் பிடிக்கவில்லை. பதினொரு மணிக்கு மாத்திரை வேகம் குறைந்து நடுங்க ஆரம்பித்தபோதுதான் பி.ஜி. அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு, "காலையில இருந்து யாரை எல்லாம் தொட்டுப் பாத்த? பேர் சொல்லு" என்றார். லைன் லிஸ்ட்டில், அதாவது தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடியவர்களின் பட்டியலில், ஒவ்வொன்றாக நான்கு கர்ப்பிணிகளின் பெயரை எழுதினார். நான்காவது பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. படுக்கை எண்ணைத்தான் சொன்னேன்.