பயறு வண்டைப் புதுப் பயறுக்கு மாற்றிப் பார்ப்பது எப்படி

சேமித்து வைத்த பயறில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வருமே ஒரு சின்ன வண்டு, அதை வைத்தே பரிணாமத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். காலோசோபுருக்கஸ் மாகுலேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நல்ல வெதுவெதுப்பில் ஒரு தலைமுறை ஏறக்குறைய நாலு வாரத்தில் முடிந்துவிடும், வளர்ந்த வண்டுக்குத் தீனியும் தண்ணீரும் தேவையில்லை, புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே இணை சேர்ந்து முட்டையிட்டு ஓரிரு வாரத்தில் இறந்துவிடும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "பூச்சி புதுப் பயறுக்கு, அதாவது இதுவரை தின்னாத வேறு வகைப் பயறுக்கு, பழகிவிட்டது" என்று சொல்கிறோமே, எந்தத் தனி வண்டும் அப்படிப் பழகுவதில்லை. புதுப் பயறுக்குள் பெரும்பாலான புழுக்கள் செத்துப்போகும், ஏதோ ஒரு மரபு வேறுபாட்டால் தாக்குப்பிடித்த சிலதின் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. அமெரிக்காவின் யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் மெசினாவும் கூட்டாளிகளும், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுபோய்ப் பச்சைப்பயறிலேயே வளர்த்துவந்த வண்டுகளை மைசூர் பருப்புக்கு மாற்றினார்கள். முதலில் பிழைத்து வெளியே வந்தவை 2 சதவீதத்துக்கும் குறைவு. சில தலைமுறையிலேயே பாதிக்கு மேல் பிழைத்தன, 20 தலைமுறைக்குள் 80 சதவீதத்தைத் தாண்டின. நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே பிழைக்கிற இடத்தில் இருபது வண்டோடு தொடங்கினால் கதை முதல் மாதமே முடிந்துவிடும் (முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது), அதனால் சில நூறாவது வேண்டும், ஆயிரக்கணக்கில் கிடைத்தால் ரொம்ப நல்லது.

சரி, வேலைக்கு வருவோம். பச்சைப்பயறு, மைசூர் பருப்பு இரண்டுமே உடைக்காத, தோலோடு இருக்கும் முழு விதையாக, மருந்து படாததாக இருக்கட்டும். ஏற்கெனவே உள்ளே புழு இருந்தால் கணக்கு பாழாகும் என்பதால் விதையை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள், பையைப் பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ஜாடி வாயில் நெருக்கமான துணியைக் கட்டி 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். வண்டுகளை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை மைசூர் பருப்புக்கு மாற்றி, மற்றதைப் பழைய பச்சைப்பயறிலேயே தொடர்ந்து வளர்க்க வேண்டும். இந்தப் பங்கு இல்லாவிட்டால், பின்னால் தெரியும் மாற்றம் பயறால் வந்ததா வேறு எதனாலா என்று சொல்லவே முடியாது.

இப்போது முட்டை. எண்ண வேண்டிய இடம் ஓட்டை இல்லை, முட்டைதான். பெண் வண்டு ஒவ்வொரு முட்டையையும் விதைத் தோலின்மேல் பசைபோல ஒட்டிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புதிதாக இட்டது கண்ணாடித் துளி மாதிரி இருக்கும். பொரித்த புழு வெளியே தலைகாட்டாது, முட்டையின் அடிப்பக்கமாகவே நேராகத் தோலைத் துளைத்து உள்ளே போகும், துளைத்த தூள் காலியான முட்டை ஓட்டுக்குள் நிறைந்து அது வெள்ளையாகிவிடும். ஆக, வெள்ளை முட்டை இருந்து வண்டு வரவில்லை என்றால் புழு துளைக்கும்போதோ உள்ளேயோ செத்திருக்கிறது, கண்ணாடியாகவே நின்றுவிட்டால் முட்டையே பொரிக்கவில்லை. இந்த இரண்டையும் கலந்து எண்ணினால் எதுவுமே புரியாது.

ஒரு விதையில் ஒரு முட்டையை மட்டும் விட்டு மீதியை ஊசி முனையால் சுரண்டி எடுத்துவிடுங்கள், புழுக்கள் உள்ளே ஒன்றோடொன்று போட்டி போட்டுச் சாவது கணக்கில் கலக்கக்கூடாது. அப்புறம் அந்த விதைகளைக் குழிகள் உள்ள தட்டில் தனித்தனிக் குழியில் போட்டு முட்டையிட்ட தேதி, வண்டு வந்த தேதி இரண்டையும் எழுதுங்கள். புதுப் பயறில் முதல் தலைமுறை மிகவும் தாமதமாகத்தான் வரும், ஒன்றும் வராது என்று ஜாடியைக் கொட்டிவிடாதீர்கள். தலைமுறை போகப் போகப் பிழைப்பது கூடுவதோடு வளரும் நாளும் குறையும்.

இன்னொரு இடத்தில் நிறையப் பேர் சறுக்குவார்கள். தாய் எந்தப் பயறில் வளர்ந்தாள் என்பதே பிள்ளையைப் பாதிக்கலாம், அது மரபு மாற்றம் ஆகாது. எனவே ஒப்பிடும் முன் இரண்டு பங்கிலிருந்தும் கொஞ்சம் வண்டை எடுத்து ஒரு தலைமுறை பச்சைப்பயறில் வளர்த்து, அவற்றின் முட்டைகளைத்தான் மைசூர் பருப்பில் சோதிக்க வேண்டும். அப்போதும் வித்தியாசம் நின்றால் அது மரபில் வந்தது என்று நம்பிக்கையாகச் சொல்லலாம்.

தாய் எங்கே முட்டையிட விரும்புகிறாள் என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாகவே பாருங்கள். ஒரு தட்டில் இரண்டு பயறையும் சம எண்ணிக்கையில் கலந்து, இணை சேர்ந்த ஒரு பெண்ணை விட்டு எதில் எத்தனை முட்டை என்று எண்ணினால் போதும். பெண்ணின் பின்முனைத் தட்டில் இரு பக்கமும் கருங்கோடு இருக்கும், ஆணுக்கு இருக்காது.

நன்றாகத் தகவமைந்த கூட்டம் கையில் இருக்கும்போது அதில் ஒரு பகுதியை மறுபடி பச்சைப்பயறுக்கே திருப்பிவிட்டுப் பல தலைமுறை கழித்து மைசூர் பருப்பில் சோதித்துப் பாருங்கள். மெசினாவின் ஆய்வகத்தில் இப்படித் திருப்பிய கூட்டங்களுக்குப் புதுப் பயறில் பிழைக்கும் திறன் குறைந்துபோனது. வேலை முடிந்த ஜாடியை மட்டும் அப்படியே குப்பையில் போடாதீர்கள், புதுப் பயறைத் தின்னத் தெரிந்த வண்டு வெளியே போகக்கூடாது, மூடியோடு குறைந்தது மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகு கொட்டுங்கள்.