கேஸ் அடுப்பில் மஞ்சள் தீயா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைச் செய்து பாருங்கள்

குக்கரின் அடி கருத்துப்போகிறது. பருப்பு வேக வழக்கத்தைவிட நேரம் பிடிக்கிறது. தீ நீலமாக நிற்காமல் மஞ்சளாக நீண்டு ஆடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது, எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும், கடையில் புதிதாக வாங்கவும் பெரிதாக எதுவும் இல்லை.

முதலில் அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரெகுலேட்டர் வழியாக வரும் கேஸ், ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் திருகின் ஊசித் துளையிலிருந்து வேகமாகப் பீறிட்டு மிக்சிங் ட்யூபுக்குள் போகிறது. போகிற வேகத்தில், பக்கத்துத் துளை வழியாகக் காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. எல்.பி.ஜி.யில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும்; பியூட்டேனுக்கு 31 பங்கு. அதில் ஒரு பகுதி இந்த மிக்சிங் ட்யூபில் கலக்கிறது, மிச்சத்தைத் தீ சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்கிறது. உள்ளே கலக்கும் காற்று குறைந்தால் கரி முழுதாக எரியாது. மஞ்சள் நிறமும் பாத்திரத்தில் படியும் கரியும் அதனால்தான். காற்றோட்டமில்லாத சமையலறையில் இது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் கூட்டும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

அடுப்பைக் கழற்றும் முன் ஒரு விஷயம். உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தாலும், பர்னர் ஈரமாக இருந்தாலும், தீ கொஞ்ச நேரம் ஆரஞ்சாகத் தெரியும். சிலிண்டர் தீரும் நேரத்திலும் தீ மங்கும். இவை தானாகச் சரியாகிவிடும். சிலிண்டர் மாற்றிய பிறகும் மஞ்சளாகவே எரிந்தால் கீழே உள்ளதைத் தொடங்குங்கள்.

தேவையானவை: பழைய டூத் பிரஷ், ஸ்க்ரூடிரைவர், சின்ன ஸ்பானர், ஸ்டவ் பின், பழைய மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி, சோப்பு, பழைய துணி.

படி 1: கேஸை நிறுத்துங்கள்

ஒரு பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரை மூடுங்கள். சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வரும் டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீ தானே அணையும். அப்புறம் அடுப்பின் குமிழையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் அதன் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு நன்றாக ஆறட்டும்.

படி 2: பர்னர்

பர்னரைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். தலைகீழாகத் தட்டினால் கருகிய பால், சோற்றுக்கஞ்சி எல்லாம் உதிரும். வெந்நீரில் சோப்பு போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு துளையிலும் ஸ்டவ் பின்னை விட்டு எடுங்கள். பித்தளை பர்னரை, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாம். அலுமினிய பர்னர் என்றால் புளியும் வேண்டாம், சலவைச் சோடாவும் வேண்டாம். சோடா அலுமினியத்தை அரித்துவிடும். ஆசிட் எதற்குமே வேண்டாம். கழுவியதும் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

படி 3: மிக்சிங் ட்யூப்

பலரும் பர்னரைக் கழுவியதோடு நிறுத்திவிட்டு, “கழுவியும் அப்படியேதான் எரியுது” என்பார்கள். அடைப்பு அதற்குக் கீழேயும் இருக்கலாம். பாத்திரம் வைக்கும் தாங்கிகளையும் தட்டுகளையும் எடுத்துவிட்டு அடுப்பைக் கவிழ்த்து வையுங்கள். கண்ணாடி மேல்தளம் உள்ள அடுப்பு என்றால் மடித்த போர்வை மேல், மெதுவாக. அடியில் தெரியும் குழாய்தான் மிக்சிங் ட்யூப். சிலந்திக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஒரு சின்ன வலை போதும், காற்றுப் பாதை மறித்துப்போகும். கரப்பான் பூச்சியும் கிடக்கலாம். கம்பி நுனியில் துணி சுற்றிக் குழாய் முழுவதும் துடைத்தெடுங்கள். காற்று நுழையும் துளையைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதையும் வழித்தெடுங்கள்.

படி 4: ஜெட்

மிக்சிங் ட்யூபின் வாய்க்கு நேராக இருக்கும். ஸ்பானரால் மெல்லக் கழற்றுங்கள். பித்தளை மரை எளிதில் தேய்ந்துவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் செம்புக் கம்பியை விட்டு எடுங்கள். செம்பு பித்தளையைவிட மிருது, துளையைப் பெரிதாக்காது. தையல் ஊசியை அழுத்திக் குத்தினால் துளை விரிந்து, கேஸ் அதிகமாக வரும்; மஞ்சள் தீ இன்னும் மோசமாகும். சிலர் தீ பெரிதாக வரட்டும் என்று வேண்டுமென்றே துளையை விரிக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். கேஸ்தான் வீணாகும்.

பெரிய பர்னருக்கும் சின்ன பர்னருக்கும் ஜெட்டின் துளை அளவு வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றினால் மாறிப்போகாது.

படி 5: மாட்டிச் சோதியுங்கள்

ஜெட்டை நேராக வைத்து முதலில் கையால் திருகுங்கள், கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்பானர். அடுப்பை நிமிர்த்துவதற்கு முன் ரெகுலேட்டரை மாட்டித் திறந்து, அடுப்பின் குமிழ்களை மூடியபடியே, டியூபின் இரு முனைகளிலும் குழாய் இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி ஊதினால் கசிவு. உடனே ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள்.

எல்லாம் சரியென்றால் அடுப்பை நிமிர்த்திப் பற்றவையுங்கள். நீலமாக, அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. இன்னும் மஞ்சளாக இருந்தால், சில அடுப்புகளில் மிக்சிங் ட்யூப் வாயில் திருப்பக்கூடிய வளையம் இருக்கும். அதைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். தீ பர்னரை விட்டு எழும்பி இரைந்தால் காற்று அதிகம், திருப்பி மூடுங்கள். “டப்” என்ற சத்தத்தோடு தீ உள்ளே போய் எரிந்தால் உடனே அணைத்து, ஆறியதும் பர்னர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குமிழ் இறுகியிருந்தால்?

இதை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். உள்ளே கூம்பு வடிவத்தில் ஒரு பித்தளைத் துண்டு இம்மி பிசகாமல் பொருந்தியிருக்கும். அதில் சூடு தாங்கும் கிரீஸைக் கேஸ் போகும் துளை அடைபடாமல் மெல்லத் தடவ வேண்டும். கோணலாக உட்கார்ந்தாலே கசியும். தேங்காய் எண்ணெய் விடும் வைத்தியம் இரண்டு நாளைக்குச் சுகமாகத் திரும்பும், அப்புறம் எண்ணெய் சூட்டில் பிசினாகி இன்னும் இறுகும்.

அடுப்பைக் கவிழ்த்தபோதே டியூபையும் பார்த்திருப்பீர்கள். வெடிப்போ எலி கடித்த தடமோ இருந்தால், அல்லது போட்டு 5 ஆண்டு ஆகியிருந்தால், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதியதை மாட்டுங்கள். பர்னரின் துளைகள் தேய்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டிருந்தால் எவ்வளவு கழுவினாலும் பலன் இல்லை, வேறு பர்னர்தான் வேண்டும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். அடுப்புக்கு அடுப்பு அளவு மாறும்.