ஆவிக்குரிய வளர்ச்சி மெதுவாக இருக்கிறதா?

ஞானஸ்நானம் எடுத்த சூட்டில் ஒரே வருஷத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கக் கிளம்பி, மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிடுபவர்கள் நிறையப் பேர். வேகத்தைக் குறையுங்கள். 119-ஆம் சங்கீதத்தை எடுங்கள்: 22 பகுதி, ஒவ்வொன்றிலும் 8 வசனம். நாளுக்கு ஒரு பகுதி போதும், அதை வாய்விட்டு இரண்டு முறை படித்து, மனதில் தைத்த ஒரு வரியையே ஜெபமாக்குங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துப் படித்து ஈடுகட்ட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், கோபம் இன்னும் போகவில்லையே என்று தினமும் தன்னையே சோதித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. மாற்கு 4-இல் இயேசு சொன்ன உவமையில் விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதை தானாக வளர்கிறது. முதலில் முளை, பின்பு கதிர், அப்புறம்தான் தானியம். அப்போஸ்தலன் பவுலே மனம் மாறி மூன்று வருஷம் கழித்துத்தான், இயேசுவின் சீஷரான பேதுருவைப் பார்க்க எருசலேமுக்குப் போனார் (கலாத்தியர் 1:18). மாற்றம் தெரிகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள், சபையில் இருப்பவர்களிடம் அல்ல.