பகிர்ந்த ஃபோல்டரில் ‘பெர்மிஷன் டினைடு’: என்எஃப்எஸ் சர்வரில் ஃபைல் உரிமையைச் சரிசெய்வது எப்படி

எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு, என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக ‘பொது’ என்ற ஃபோல்டரைப் பகிர்ந்து வைத்திருக்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர். கல்யாணப் படங்கள், அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மாதக் கணக்கு எல்லாம் அதில்தான். தம்பி தன் லேப்டாப்பை அழித்துவிட்டுப் புதிதாக லினக்ஸ் போட்ட அன்று சாயங்காலமே போன் செய்தான். “அக்கா, என் படத்தை நானே சேவ் பண்ண முடியல. பெர்மிஷன் டினைடுன்னு வருது.”

இன்னும் கொஞ்சம் தோண்டியபோது வேறொன்றும் தெரிந்தது. என் கணக்கு ஃபைலை அவனால் திறந்து, திருத்தி, சேவ் செய்ய முடிந்தது. அவன் படம் அவனுக்குப் பூட்டு, என் ஃபைல் அவனுக்குத் திறப்பு. எனக்குப் பயமாக இருந்தது இந்த இரண்டாவது விஷயம்தான்.

இதே நிலையில் நீங்கள் இருந்தால் கீழே உள்ளபடி செய்யுங்கள். கட்டளைகளை உச்சரிக்கும் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

லினக்ஸ் ஒவ்வொரு ஃபைலோடும் உரிமையாளரின் பெயரைச் சேமிப்பதில்லை, ஓர் எண்ணைத்தான் சேமிக்கிறது. அதற்கு யூஐடி என்று பெயர். குழுவுக்கும் அப்படியே ஜிஐடி. திரையில் தெரியும் பெயர், அந்தந்த மெஷின் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்துப் போட்டுக் காட்டுவது. வீடுகளில் வழக்கமாகப் போடும் என்எஃப்எஸ் அமைப்பில், லேப்டாப் சர்வரிடம் “நான் 1000” என்று எண்ணைத்தான் சொல்லும். சர்வரும் அதை அப்படியே நம்பிவிடும்.

உபுண்டு, டெபியன் இரண்டிலும் முதலில் உருவாக்கும் ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001. மேக் என்றால் 501-ல் தொடங்கும். சைனாலஜி என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் நாம் உருவாக்கும் முதல் ஆளுக்கு 1026. ஆக, இரண்டு மெஷினில் ஒரே பெயர் இருந்தாலும் எண் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

லேப்டாப்பில் இதைத் தட்டுங்கள்:

ஐடி

பிறகு சர்வரில், பகிர்ந்த ஃபோல்டருக்குள் போய்:

எல்எஸ் -எல்என்

அந்தக் கடைசி ‘என்’ முக்கியம். அது இருந்தால்தான் பெயருக்குப் பதில் எண் வரும். எங்கள் வீட்டில் தம்பியின் பழைய படங்கள் எல்லாம் 1001, என் ஃபைல்கள் 1000. அவனுடைய லேப்டாப் முதலில் என்னிடம் இருந்தது. அதன் பழைய லினக்ஸில் நான் 1000, பின்னால் சேர்ந்த அவன் 1001. புது லினக்ஸில் அவன் ஒருவன்தான் என்பதால் 1000 ஆகிவிட்டான். சர்வரின் கண்ணுக்கு இப்போது அவன்தான் நான்.

எல்லா ஃபைலும் ‘நோபடி’ என்று தெரிந்தால் கதை வேறு. என்எஃப்எஸ் 4-ம் பதிப்பில், ஐடிமேப்டி (எண்ணையும் பெயரையும் பொருத்தும் நிரல்) அமைப்பில் உள்ள டொமைன் பெயர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

777 போடாதீர்கள்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் “சிஎச்மோட் 777”, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். பூட்டு திறக்காததற்குக் கதவையே கழற்றி வைப்பது மாதிரி அது. அந்த ஷேரை (பகிர்ந்த ஃபோல்டரை) திறக்க முடிகிற யார் வேண்டுமானாலும் எதையும் அழிக்கலாம். எண் குழப்பமும் அப்படியே இருக்கும்; நாளைக்கு உருவாகும் ஃபைலில் அதே பிழை திரும்ப வரும். எஸ்எஸ்எச் (வேறொரு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் நிரல்) சாவி ஃபைல் அதற்குள் இருந்தால், அனுமதி அதிகமாகத் திறந்திருக்கிறது என்று சொல்லி எஸ்எஸ்எச் அதைப் பயன்படுத்தவே மறுக்கும்.

கை வைப்பதற்கு முன் இப்போதைய நிலையை எழுதி வையுங்கள்

சர்வரில், பொது ஃபோல்டருக்கு வெளியே நின்றுகொண்டு:

சூடோ கெட்எஃப்ஏசிஎல் -ஆர் பொது > பழையநிலை

‘சூடோ’ என்றால் கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள். இங்கே ‘ஆர்’ பெரிய எழுத்து. ஒவ்வொரு ஃபைலின் உரிமையாளர், குழு, அனுமதி மூன்றும் ‘பழையநிலை’ என்ற ஃபைலில் பதிவாகிவிடும். ஏதாவது தப்பாகிவிட்டால், அதே இடத்தில் நின்று ‘சூடோ செட்எஃப்ஏசிஎல் --ரிஸ்டோர்=பழையநிலை’ என்று தட்டினால் உரிமைகள் பழையபடி வந்துவிடும். ஃபைலின் உள்ளடக்கத்துக்கு இது பேக்கப் ஆகாது, அதைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கெட்எஃப்ஏசிஎல் இல்லை என்று வந்தால் ‘ஏசிஎல்’ என்ற பேக்கேஜை நிறுவுங்கள்.

லேப்டாப்பில் எண்ணை மாற்றுவது

சர்வரில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் 1001 என்று இருக்கின்றன. லேப்டாப்பில் ஒரே ஒரு கணக்கு. அப்போது லேப்டாப்பை மாற்றுவதுதான் சுலபம்.

உள்ளே நுழைந்திருக்கும் கணக்கின் எண்ணை மாற்ற முடியாது. அதனால் தற்காலிகமாக இன்னொரு கணக்கு வேண்டும். இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். சாதாரணமாக ஒரு கணக்கை உருவாக்கினால், அதுவே அடுத்த காலி எண்ணான 1001-ஐ எடுத்துக்கொள்ளும், நமக்கு வேண்டிய எண் போய்விடும். எனவே எண்ணைச் சொல்லியே உருவாக்குங்கள்:

சூடோ ஆட்யூசர் --யூஐடி 1500 உதவி

சூடோ யூசர்மோட் -ஏஜி சூடோ உதவி

‘ஏ’ சின்ன எழுத்து, ‘ஜி’ பெரிய எழுத்து. ‘ஏ’-வை விட்டுவிட்டால், அந்த ஆள் ஏற்கெனவே இருந்த மற்றக் குழுக்களிலிருந்து வெளியே போய்விடுவார். இனி ஷேரை அன்மவுண்ட் செய்து (லேப்டாப்பிலிருந்து அதன் இணைப்பை எடுத்து), லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, உதவி கணக்கில் நுழையுங்கள்:

சூடோ யூசர்மோட் -யூ 1001 தம்பி

சூடோ குரூப்மோட் -ஜி 1001 தம்பி

சூடோ சிஎச்ஓன் -ஆர் தம்பி:தம்பி /ஹோம்/தம்பி

முதல் வரி ஹோம் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் உரிமையாளரைத் தானே மாற்றிவிடும். குழு எண் மட்டும் பழையதாகவே நிற்கும், அதற்காகத்தான் மூன்றாவது வரி. இந்த வரிகளில் ‘யூ’, ‘ஜி’ சின்ன எழுத்து, ‘ஆர்’ பெரிய எழுத்து.

இடைப்பட்ட நாளில் தம்பி சேமித்த ஃபைல்கள் சர்வரில் 1000 என்று, அதாவது என் பெயரில் கிடந்தன. எண்ணை வைத்து அவற்றைப் பிரிக்க வழியில்லை. அவன் படங்கள் தனி ஃபோல்டரில் இருந்ததால் தப்பித்தோம்:

சூடோ சிஎச்ஓன் -ஆர் --ஃப்ரம்=1000 1001 பொது/தம்பிபடங்கள்

‘ஃப்ரம்’ போட்டால் 1000 என்று இருப்பவை மட்டும் மாறும், மற்றவற்றைத் தொடாது.

இதைச் சர்வரில்தான் செய்ய வேண்டும். லேப்டாப்பிலிருந்து சூடோ போட்டுச் செய்தால் “ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்” என்று வரும். ரூட் ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு, வெளியிலிருந்து வரும் ரூட்டை (நிர்வாகிக் கணக்கை) 65534 என்ற யாருமற்ற ஆளாக மாற்றிவிடுகிறது. அது நல்லதுதான், அணைக்காதீர்கள்.

இருவரும் எழுத வேண்டிய ஃபோல்டருக்கு ஒரு குழு

கணக்கு ஃபோல்டரில் நானும் எழுத வேண்டும், தம்பியும் எழுத வேண்டும். அதற்கு ‘வீடு’ என்று ஒரு குழு. சர்வரிலும் இரண்டு லேப்டாப்பிலும் அதே எண்ணில் உருவாக்கி, ஆட்களைச் சேருங்கள் (முதல் வரியில் ‘ஜி’ சின்ன எழுத்து):

சூடோ குரூப்ஆட் -ஜி 2000 வீடு

சூடோ யூசர்மோட் -ஏஜி வீடு தம்பி

சேர்த்தபின் ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப நுழைய வேண்டும். பாதிப் பேர் இதை மறந்துவிட்டு “வேலை செய்யவில்லை” என்கிறார்கள். அப்புறம் சர்வரில்:

சூடோ சிஎச்ஜிஆர்பி -ஆர் வீடு பொது/கணக்கு

சூடோ ஃபைண்ட் பொது/கணக்கு -டைப் டி -எக்ஸெக் சிஎச்மோட் 2775 {} +

சூடோ ஃபைண்ட் பொது/கணக்கு -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மோட் 664 {} +

படிக்க 4, எழுத 2, ஃபோல்டருக்குள் நுழைய 1. மூன்றையும் கூட்டினால் 7. வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர். முன்னால் நிற்கும் அந்த 2-ஐ விட்டுவிடாதீர்கள். அதனால்தான் இனி உள்ளே பிறக்கும் ஒவ்வொரு ஃபைலும் ‘வீடு’ குழுவில் பிறக்கும். ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் தனித்தனியாகப் போடுவதற்கும் காரணம் உண்டு: ஃபோல்டருக்கு 664 போட்டால் யாராலும் உள்ளே நுழைய முடியாது.

ஒரு ஃபைலை அழிக்கும் உரிமை அந்த ஃபைலிடம் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரிடம் இருக்கிறது. ஃபோல்டரில் எழுத முடிந்தவர், உள்ளே உள்ள அடுத்தவர் ஃபைலையும் அழிக்கலாம். அது வேண்டாம் என்றால் 2775-க்குப் பதில் 3775 போடுங்கள்.

இனி ஒரே ஒரு ஓட்டை மிச்சம். புது ஃபைலில் எந்த அனுமதிகளைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் எண் யூமாஸ்க். லேப்டாப்பில் ‘யூமாஸ்க்’ என்று தட்டி 0022 என்று வந்தால், புது ஃபைல் குழுவுக்கு எழுத முடியாததாகவே பிறக்கும். சர்வரில் இதைப் போட்டால் சரியாகிவிடும்:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -டி -எம் ஜி:வீடு:ஆர்டபிள்யூஎக்ஸ் பொது/கணக்கு

இதிலும் ‘ஆர்’ மட்டும் பெரிய எழுத்து.

சோதித்துப் பாருங்கள்

ஷேரைத் திரும்ப மவுண்ட் செய்து, தம்பியின் லேப்டாப்பில் கணக்கு ஃபோல்டருக்குள் ‘டச் சோதனை’ என்று ஒரு ஃபைல் உருவாக்குங்கள். சர்வரில் ‘எல்எஸ் -எல்என்’ தட்டினால் 1001, 2000 என்று இரண்டு எண்களும் தெரிய வேண்டும். பிறகு என் லேப்டாப்பிலிருந்து அதே ஃபைலில் ஒரு வரி சேர்த்து சேவ் செய்து பார்த்தேன், சேவ் ஆனது. கடைசியாக, அவன் லேப்டாப்பிலிருந்து என் சொந்த ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் திருத்தச் சொன்னேன். பெர்மிஷன் டினைடு என்று வந்தது. அதன் பிறகுதான் உதவி கணக்கை நீக்கினேன்.