ஹெபடைடிஸ் பி சர்வே: மாணவர்களிடம் தப்பாகக் கேட்கப்படும் கேள்விகள்

ப்ராஜெக்ட் பருவம் வந்தால், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி பற்றிய கேள்வித்தாள்கள் வரிசையாக வரும். எழுத்துப் பிழை, விடுபட்ட வரிசை எண் போன்றவற்றை முன்னோட்டத்திலேயே யாராவது பிடித்துவிடுவார்கள். தரவு கைக்கு வந்தபின் திருத்தவே முடியாத பிழைகள்தான் கவலைக்குரியவை.

"தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? ஆம் / இல்லை"

இந்த ஒற்றைக் கேள்வி பல ஆய்வுகளைப் பாழாக்குகிறது. குழந்தையிலேயே எல்லாத் தவணையும் முடித்தவர் "ஆம்" என்பார். கல்லூரி முகாமில் ஒரு டோஸ் மட்டும் போட்டுக்கொண்டு மறந்தவரும் "ஆம்" என்பார். டெட்டனஸ் ஊசியை இதுதான் என்று நம்புபவரும் அதையே டிக் செய்வார். மூவரும் ஒரே சதவீதத்துக்குள் போய்விடுவார்கள். அந்த எண்ணைப் பார்க்கும் நிர்வாகம் "பெரும்பாலோர் போட்டுவிட்டார்களே" என்று அடுத்த முகாமைக் கைவிடும். நஷ்டம் அரைகுறையாக நின்ற மாணவருக்கு.

கேள்வியை உடையுங்கள். எத்தனை டோஸ்: 0, 1, 2, 3 அல்லது அதற்கு மேல், நினைவில்லை. எந்த வயதில்? கடைசி டோஸ் எந்த மாதம், எந்த ஆண்டு? பதில் தடுப்பூசி அட்டையைப் பார்த்தா, நினைவிலிருந்தா? அட்டை பார்த்துச் சொன்னவர்களைத் தனியாகவும் கணக்கிடுங்கள்.

பெரியவர்களுக்கு வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஐந்து மாதம் இருப்பதால் அங்கேதான் பலர் நழுவுகிறார்கள். தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்துக் கைவிடுபவர்களும் உண்டு. தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் குறைந்தது 8 வாரம், ஒன்றுக்கும் மூன்றுக்கும் குறைந்தது 16 வாரம் இருந்தால் போதும். இதையே ஓர் அறிவுக் கேள்வியாக வையுங்கள். முகாம் நடத்துபவருக்கு நேரடியாகப் பயன்படும்.

மருத்துவம், செவிலியம் படிப்பவர்களிடம் ஆன்டி-எச்பிஎஸ் பரிசோதனை (தடுப்பூசியால் உருவான ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் புரதம், எவ்வளவு என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பற்றியும் கேட்க வேண்டும். கடைசி டோஸுக்குப் பின் 1 முதல் 2 மாதத்தில் பார்த்து, லிட்டருக்கு 10 சர்வதேச அலகு (மில்லி அலகில் சொன்னால் மில்லிலிட்டருக்கு 10) அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. குழந்தையில் போட்டவருக்குப் பதினெட்டு வயதில் 10-க்குக் கீழே வந்தால் "தடுப்பூசி பலிக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஆன்டிபாடி அளவு இறங்கினாலும் நோய் எதிர்ப்பு நினைவு பெரும்பாலும் நிற்கும். மருத்துவமனைப் பணிக்குப் போகிறவருக்கு ஒரு டோஸ் கொடுத்து மறுபடி பார்ப்பதே வழி.

ஊசி போட்ட உடனே எச்பிஎஸ்ஏஜி பரிசோதனைக்கு (வைரஸின் மேற்புறப் புரதத்தைத் தேடித் தொற்று உண்டா என்று பார்ப்பது) யாரையும் அனுப்பாதீர்கள். தடுப்பூசியிலுள்ள புரதமே 18 நாள் வரை பாசிட்டிவ் காட்டக்கூடும். தொற்றே இல்லாத மாணவர் வீணாக நடுங்குவார்.

எல்லா விடையும் "சரி"

அறிவுக் கேள்விகளில் எல்லா வாக்கியமும் உண்மையாக இருந்தால், கண்ணை மூடி "சரி" போட்டவரும் முழு மதிப்பெண் வாங்குவார். பாதி வாக்கியங்களைத் தவறானவையாக அமையுங்கள். "அசுத்தமான தண்ணீரால் பரவும்" என்பது நல்ல பொறி: அது ஏ, இ வகைகளுக்கு உரியது. "தெரியாது" என்ற தேர்வு கட்டாயம் வேண்டும். தப்பான விடை, "தெரியாது" இரண்டுக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான், ஆனாலும் அறிக்கையில் பிரித்துக் காட்டுங்கள். தெரியாதவருக்குச் சொல்லித் தரலாம். தப்பாக நம்புபவரிடம் முதலில் அந்த நம்பிக்கையை அசைக்க வேண்டும்.

ரேசரை மறுத்தவரை வெறுப்பாளர் ஆக்குவது

"நோயாளிகளை ஒதுக்கக் கூடாது" என்றால் எல்லோரும் ஆமோதிப்பார்கள். அதில் மனப்பான்மை தெரியாது. அறைத் தோழருக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் அதே அறையில் இருப்பீர்களா, ஒன்றாகச் சாப்பிடுவீர்களா என்று கேளுங்கள். இவற்றால் பரவாது என்பதால், மறுப்பு ஒதுக்கலைக் காட்டும். ரேசர், பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றைப் பகிர மறுப்பது வேறு விஷயம். அவற்றில் ஒட்டும் ரத்தத்தின் வழியே தொற்று பரவலாம், இந்த வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாங்கும். அந்த மறுப்பு அறிவு. அதை மனப்பான்மை மதிப்பெண்ணில் குறைத்தால் நன்றாகத் தெரிந்தவரே மோசமானவராகத் தெரிவார்.

ஆசிரியர் முன்னிலையில் நிரப்புதல்

வேண்டாம்.

384 பேர் சேர்த்துவிட்டோம்

அந்த எண் 50% பரவல், 5% பிழை வரம்பு, சமவாய்ப்பு மாதிரி (எல்லோருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு உள்ளது) ஆகியவற்றுக்கானது. வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டு 384 தொட்டாலும் மாதிரி சமவாய்ப்பு ஆகாது.

ரோல் எண்ணோடு தொற்று நிலை

கேட்கவே கூடாது. தொற்று உள்ளவர் யாரென்று ஒருமுறை கசிந்தால் மீட்க முடியாது. பரிசோதனை பற்றி விசாரிப்பதானால் பெயரில்லாத தாளில் "பரிசோதித்ததுண்டா" என்பதோடு நிறுத்தி, முடிவைக் கேட்காமல், எங்கே போய்ப் பரிசோதிக்கலாம் என்ற விவரத்தைத் தாளின் கடைசியில் அச்சிடுங்கள்.