கொடைக்கானல்: முதன்முறை வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு சீசனிலும் எங்களிடம் வந்து தங்குபவர்கள் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். ஸ்வெட்டர், வாந்தி மாத்திரை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

காலையை ஏரியில் செலவழிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கொடை என்றாலே ஏரிதான் என்று காலை டிபன் முடித்ததும் நேராகப் படகுத்துறைக்குப் போய்விடுகிறார்கள். வரிசை, டிக்கெட், படகு, அப்புறம் குழந்தைகளுக்குக் குதிரை, மக்காச்சோளம். பாதி நாள் போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்ஸி பிடித்து தூண் பாறைக்குப் போனால் எதிரே வெறும் வெள்ளை. அங்கே 122 மீட்டர் உயரத்துக்குப் பாறைகள் நிற்கின்றன என்று சொன்னால்தான் தெரியும்.

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பச்சைப் பள்ளத்தாக்கிலிருந்து வைகை அணை தெரியும் என்று யாரோ சொல்லி, அதைப் பார்க்கத்தான் பாட்டி மலையேறியதே. முந்தைய இரவே சொன்னேன், காலையில் அங்கே போய்விடுங்கள் என்று. "பிள்ளைகள் படகு கேட்கிறார்கள், மதியம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மகன். திரும்பி வந்த பாட்டி, "வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்துச்சுப்பா" என்றார். அன்றைக்குக் கொடுத்த முழுநாள் டாக்ஸி வாடகை வீண்தான்.

காரணம் எளிது. தூண் பாறை, பச்சைப் பள்ளத்தாக்கு, கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதை மூன்றுமே மலை செங்குத்தாக இறங்கும் விளிம்பில் இருக்கின்றன. வெயில் ஏற ஏற கீழேயுள்ள ஈரக்காற்று சூடாகிச் சரிவு வழியே மேலே வரும். விளிம்பை எட்டும்போது குளிர்ந்து மேகமாகிவிடும். அதனால்தான் பல நாட்கள் நண்பகலுக்கு முன்பே பள்ளத்தாக்கு மூடிக்கொள்கிறது. மழைமாதங்களில், குறிப்பாக அக்டோபர், நவம்பரில், காலையிலும் உறுதி கிடையாது.

ஏரி எங்கும் போய்விடாது. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி அது. மேகம் இறங்கினாலும் சுற்றி வர அழகாகத்தான் இருக்கும். எனவே விடிந்ததும் கோக்கர்ஸ் வாக், அடுத்து பச்சைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை. மதியத்துக்கு மேல் பிரையண்ட் பூங்கா, ஏரி, சைக்கிள். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர். படகை மட்டும் இருட்டும்வரை தள்ளிப் போடாதீர்கள்.

டிரைவர் "பன்னிரண்டு ஸ்பாட்" என்று அட்டையை நீட்டினால், எந்த வரிசையில் போகிறீர்கள் என்று கேளுங்கள். வரிசையை மாற்ற மாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.

இ-பாஸ் இல்லாமல் மலையேறுவது

இ-பாஸ் என்பது வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி. 2024 மே 7 முதல் கட்டாயம். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை.

கொடை ரோடு ஸ்டேஷனை ஊர் என்று நினைப்பது

இறங்கிய பிறகு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மலைப்பாதை.

சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்

வேண்டாம். எவர்சில்வர் பாட்டில் போதும்.

பேரிஜம் ஏரியைக் கடைசி நேரத்தில் சேர்ப்பது

வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வண்டிகளை விடுவார்கள். போக ஆசையிருந்தால் முந்தைய நாளே விசாரித்து, அந்தக் காலையை முழுதாக அதற்கே ஒதுக்குங்கள்.